பேரோசையும் பெண்குரலும்

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள ஒழுங்கை ஒன்றில், நான்காம் மாடியில் குடியிருக்கும் நண்பர் ஒருவரைக் காணச் சென்றிருந்தோம். உள்ளறையிலிருந்து ஓர் உறுமல் எழுந்தது. வீட்டிலே ஏதோ அசம்பாவிதம் நேர்ந்துவிட்டதென்றே முதலில் அஞ்சினோம். நண்பரின் மனைவியார் நாணத்தோடு கதவைச் சாத்தி, “மகள் பாடிப் பழகுகிறா, குறை நினையாதையுங்கோ” என்றார். உயர்தர வகுப்பில் பயிலும் அந்தப் பெண் சற்றுநேரத்தில் வெளியே வந்து, நகைத்தபடியே சொன்னாள்: “அண்ணா இதையே உரக்கப் போட்டுக் கேட்டால் ஒருத்தரும் கதவைத் தட்டுறதில்லை, மாமா. நான் வாய் திறந்தால் மட்டும் கீழ்மாடியில இருந்து ஆள் வருது.”

இக்கட்டுரை எழுதத் துணிந்ததற்கு அவள் முறைப்பாடே காரணம்.

‘ஹெவி மெற்றல்’ எனப்படும் இவ்விசை செல்வந்தர் மாளிகையிலே பிறந்ததன்று. இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் ஒரு தொழிற்சாலை நகர். அங்கே தகட்டு இரும்புத் தொழிற்சாலையொன்றில் வேலைபார்த்த டோனி அயோமி என்ற இளைஞன், பதினேழாம் வயதில், வேலையைவிட்டு விலகவிருந்த கடைசி நாளன்று, வலக்கையின் இரு விரல்நுனிகளை இயந்திரத்திற்குப் பறிகொடுத்தான். இடக்கை வழக்கமுடைய அவனுக்குக் கிற்றார் நரம்புகளை அழுத்துவதற்கு வேண்டிய விரல்கள் அவை. பிளாஸ்திக்குப் போத்தலை உருக்கி அவ்விரல்களுக்கு உறை செய்துகொண்டான். மெல்லிய நரம்புகளைப் பூட்டினான். பின்னர் அவற்றைத் தளர்த்திச் சுருதியையும் இறக்கினான். 1970ஆம் ஆண்டு பெப்ரவரியில் வெளிவந்த ‘பிளாக் சபாத்’ கோஷ்டியின் முதல் இசைத்தட்டில் ஒலித்த கனத்த, இருண்ட நாதம் அந்த ஊனமுற்ற விரல்களின் வழியே வந்தது. சம்மட்டியும் அழுத்தப்பொறியும் அதிரும் நகரிலே வளர்ந்த பிள்ளைகளின் இசை வேறெவ்வாறு இருந்திருக்கும்?

வெள்ளவத்தைக்கும் அத்தகைய ஓசை அந்நியமானதன்று. இன்று வானுயர்ந்த மாடிக்குடியிருப்புகள் எழுந்துள்ள ஹவ்லொக் வீதி நிலத்தில் ஒருகாலத்தில் வெள்ளவத்தை நெசவாலை இரைந்துகொண்டிருந்தது. 1933இல் கொல்வின் ஆர். டி சில்வாவின் தலைமையில் அத்தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தம் இந்நாட்டு இடதுசாரி இயக்கத்தின் பிறப்போடு பின்னியது. தறியின் இரைச்சலைக் கேட்டு வளர்ந்த பேட்டைதான் இன்று ஒரு மாணவியின் குரலைக் கேட்டு முகஞ்சுளிக்கின்றது.

எனினும், உழைப்பாளர் வீட்டு இளைஞர் உண்டாக்கிய அந்த இசையுலகமும் நெடுங்காலம் ஆண்களின் கூடாரமாகவே இருந்தது. பாட்டுகளிலே பெண் வருவாள், மேடையிலே வரமாட்டாள். 1978இல் லண்டனில் ‘கேர்ள்ஸ்கூல்’ என்ற பெண்கள் கோஷ்டி தோன்றியது. ஜெர்மனியில் சபினா கிளாசன், ஆண்களும் அரிதாகவே முயன்ற காலத்தில், 1980களின் தொடக்கத்திலேயே உறுமிப் பாடினார். அதே நாட்டின் டோரோ பெஷ் 1986இல் ‘வோர்லொக்’ கோஷ்டியுடன் இங்கிலாந்தின் டொனிங்ரன் பெருவிழா மேடையில் நின்று பாடினார்.

இவற்றை மேனாட்டு விநோதம் என்று ஒதுக்கிவிட நம்மவர் சிலர் விரும்புவர். ஆனால் உரத்த பெண்குரல் நம் மேடைகளில் பட்ட பாட்டை அறிந்தவர் அப்படிச் சொல்லார். நாட்டுக்கூத்திலே சீதையும் திரௌபதியும் மீசை மழித்த ஆண்களாகவே நெடுங்காலம் வந்து போயினர். 1911இல் மருதானையில் திறக்கப்பட்ட டவர் மண்டபத்து நாடகங்களிலும் பெண்வேடம் பூண்ட ஆண்கள் பலர். ஒலிவாங்கி வராத காலத்தில் கொழும்பு மேடையிலே கே. பி. சுந்தராம்பாளும் எஸ். ஜி. கிட்டப்பாவும் பாடியபோது, பின்வரிசைக் கூலியாளுக்கும் எட்டவேண்டிய குரலைத் தொண்டையாலும் நெஞ்சாலும் மட்டுமே எழுப்பவேண்டியிருந்தது. உரத்துப் பாடுதல் அன்று நடிகையின் தொழிற்கருவி. அத்தொழிலைச் செய்தவளுக்குச் ‘குடும்பப் பெண்’ என்ற பெயரை மறுத்ததும் அதே சமூகந்தான். காசு கொடுத்துக் கேட்டவனுக்கு இழுக்கில்லை, பாடியவளுக்கே இழுக்கு!

இந்த இழுக்கைத் தலையிற் சுமந்து இலங்கை மேடையை வென்ற ஒருவரை நம் தமிழ் வாசகர் போதிய அளவு அறியார். 1923ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் மலையகத்தின் றம்பொடையில், கொழும்புச் செட்டிக் குடும்பமொன்றில் பிறந்தவர் டெய்சி ராசம்மா டானியல்ஸ். வெள்ளவத்தை சென் கிளேயர்ஸ் பாடசாலையில் பயின்ற இந்தக் கிறிஸ்தவச் சிறுமி, இளவயதிலேயே சிங்கள நாடக மேடையேறினார். ருக்மணி தேவி ஆனார். 1930களின் இறுதியில் எச். டபிள்யூ. ரூபசிங்கவுடன் இணைந்து அவர் பாடிய ‘சிரி புத்தகயா விஹாரே’ இசைத்தட்டாக வெளிவந்தது. கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண் ஒருத்தியின் குரலிலே பௌத்தரின் பக்தி வீடுதோறும் ஒலித்தது. மதத்தையும் மொழியையும் வேலியாக நாட்டுவோர் இச்சிறு வரலாற்றைக் கவனிப்பார்களாக.

பின்பு மினர்வா நாடகக் கோஷ்டி, எடி ஜயமான்னவுடன் வாழ்க்கை, அப்பால் திரை. முதற் சிங்களப் பேசும்படமான ‘கடவுணு பொறொந்துவ’ 1947 ஜனவரி 21ஆம் நாள் கொட்டாஞ்சேனைக் கிங்ஸ்லி படமாளிகையில் திரையிடப்பட்டது. தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்ற தமிழர்; படம்பிடித்தது தென்னிந்தியாவில்; கதாநாயகியாக நடித்துப் பாடியவர் ருக்மணி தேவி. துறைமுகத் தொழிலாளரும் சில்லறை வியாபாரிகளும் பலமொழி பேசி வாழ்ந்த கொட்டாஞ்சேனையிலே அப்படம் முதன்முதல் ஒலித்தது பொருத்தமே என்போம். 1956இலும் 1958இலும் மொழியின் பெயரால் நாடு பிளவுண்டபோதும் சிங்கள மக்கள் அவரைத் தம் குயிலென்றே போற்றினர். நம்மவரோ, சிங்களத்தில் பாடியவர் என்று நம் கலை வரலாற்றில் அவருக்கு ஒரு பக்கமும் ஒதுக்கவில்லை. இதிலே நமக்கும் வெட்கமிருக்கவேண்டும்.

1960களின் நடுப்பகுதியில் கிளாரன்ஸ் விஜேவர்தனவும் அவரது ‘மூன்ஸ்ரோன்ஸ்’ கோஷ்டியும் மின்கிற்றாரைச் சிங்களப் பாட்டுக்குள் கொணர்ந்தனர். இந்திராணி பெரேரா அக்கோஷ்டியோடு பாடிப் புகழெய்தினார். சகோதரியருடன் அவர் அமைத்த ‘திறீ சிஸ்ரர்ஸ்’ வானொலியிலும் மேடையிலும் ஒலித்தது. மின்னிசைக் கோஷ்டியின் நடுவே ஒரு பெண் நிற்பது அதன்பின் இந்நாட்டிலே புதுமையாக இருக்கவில்லை. ஹார்மோனியத்தோடு தொடங்கிய ருக்மணி தேவியும் தம் பிற்காலத்தில் கிளாரன்ஸின் இசையமைப்பிலே, மின்கிற்றார் முழங்கப் பாடினார். களியாட்ட விழா மேடைகளே அப்போது அவர் பிழைப்பு. 1978 ஒக்ரோபர் 28ஆம் நாள், மாத்தறையில் நடந்த இசைநிகழ்ச்சியை முடித்துத் திரும்பும் வழியில், ஜா-எலவுக்கு அண்மையில் துடெல்லவில் நேர்ந்த விபத்திலே உயிர் நீத்தார். அவருக்கு வயது 55. அரை நூற்றாண்டை எட்டிய புகழ்பெற்ற கலைஞர் ஒருவர், இரவெல்லாம் வாகனத்தில் ஊரூராகச் சென்று பாடவேண்டியிருந்தது ஏன் என்ற கேள்வியை, பாராட்டுரை வழங்கியோர் எவரும் அப்போது உரக்கக் கேட்கவில்லை.

மெற்றல் இசைக்கு மீள்வோம். 1996இல் பின்லாந்தின் கித்தே என்ற சிற்றூரிலே தோன்றிய ‘நைற்விஷ்’ கோஷ்டியில், மேனாட்டுச் சாஸ்திரிய சங்கீதம் பயின்ற தார்யா துருனென் இசைநாடகக் குரலிலே பாடினார். இனிமையான பெண்குரலுக்குப் பேரோசையின் மேல் ஓர் ஆசனம் கிடைத்தது. உண்மையான உடைப்பு அடுத்துவந்தது. சுவீடனின் ‘ஆர்ச் எனிமி’யில் 2000ஆம் ஆண்டு சேர்ந்த ஜெர்மானியர் அஞ்சலா கொசோவ், முன்பு ஓர் ஆண் உறுமிய இடத்திலே நின்று தாமும் உறுமினார். குரல்நாண்களுக்கு மேலே அமைந்த பொய்க்குரல்நாண்களை மூச்சின் அளவறிந்து அதிரச்செய்து இவ்வொலியை எழுப்புகின்றனர். வெறுந் தொண்டைக் கத்தலாயின் ஒரு கிழமையிலே குரல் போய்விடும். இது பயிற்சியால் வருவது; நாதஸ்வரக்காரரின் மூச்சடக்கம்போல. 2014இல் அவர் விலகியபோது அவ்விடத்தைப் பிடித்தவரும் ஒரு பெண்ணே: கனடாவின் அலிசா வைற்-கிளஸ்.

வியாபாரிகள் இதைக் கண்டுகொள்ளாதிருப்பார்களா? பெண் முன்னிற்கும் கோஷ்டி என்று தனிப் பெயர்ப்பலகை எழுதினர். பெல்ஜியத்தில் 2003 முதல் பெண்குரல்களுக்கென்றே ஒரு விழா நடந்தது. அவ்விழா பலருக்கு வாசல் திறந்தது உண்மை. ஆயினும் பாடகியர் பலர் அந்தப் பெயர்ப்பலகையை வெறுக்கின்றனர். ஒருத்தி வேகமாகவும் மற்றொருத்தி மெதுவாகவும் வேறொருத்தி ஆலாபனைபோலவும் பாட, மூவரையும் ஒரே பெட்டியில் அடைப்பது எந்த இசையிலக்கணம்? ஆண் முன்னிற்கும் கோஷ்டி என்று எவரும் விளம்பரம் செய்ததில்லை.

நமக்கு மிக அணுக்கமான உதாரணம் இந்தோனேசியாவில் உண்டு. மேற்கு ஜாவாவின் காருட் மாவட்டத்தில், மதரசாவில் பயின்ற மூன்று சிறுமியர் 2014இல் ஆசிரியர் ஒருவரின் ஊக்கத்தால் ‘வொய்ஸ் ஒஃப் பாசெப்ரொட்’ என்ற கோஷ்டியைத் தொடங்கினர். சுந்த மொழியில் ‘பாசெப்ரொட்’ என்றால் இரைச்சல். தலையிலே முக்காடு, கையிலே கிற்றார். பாவம் என்றனர் சிலர், அச்சுறுத்தல்களும் வந்தன. அவர்கள் முக்காட்டையும் களையவில்லை, கிற்றாரையும் கீழே வைக்கவில்லை. இசை மீட்ட அனுமதி தா என்று இறைவனிடமே கேட்டு ஒரு பாட்டு இயற்றினர். 2024இல் இங்கிலாந்தின் கிளஸ்ரன்பரி விழாவில் இசைத்த முதல் இந்தோனேசியக் கோஷ்டி அவர்களே.

அன்று மாலை நண்பரின் மகளுக்கு ருக்மணி தேவியின் கதையைச் சொன்னோம். தன் வீட்டிலிருந்து நடந்து போகக்கூடிய பாடசாலையில் படித்தவர் என்றதும் வியந்தாள். கைபேசியிலே தேடி அந்தப் பழைய இசைத்தட்டைப் பிடித்துவிட்டாள். கீறல் ஒலிக்கு ஊடே மெல்லிய குரல் வந்தது. தாயாரும் அடுக்களை வாசலுக்கு வந்து நின்றார்.

“அப்ப இவவுக்கு எத்தினை வயசு, மாமா?”

பதினைந்து, பதினாறு இருக்கும் என்றோம். அவள் ஒன்றும் பேசாமல் பாட்டை மறுபடி முதலிலிருந்து போட்டாள்.