ஊழியம் இல்லாத நாள்

என் பாட்டி ஞாயிற்றுக்கிழமை அடுப்பு பற்றவைக்க மாட்டாள். சனிக்கிழமை ராத்திரியே மீன்குழம்பு வைத்து, சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடிவிடுவாள். மறுநாள் சர்ச் முடிந்து வந்தால் பழஞ்சோறும் பழங்குழம்பும்தான். தெருவெல்லாம் கறி மணக்கும். ஒருநாள் பொறுக்காமல் சண்டை போட்டேன். பாட்டி சொன்னாள்: "மக்களே, இது சும்மா கெடச்ச நாளுன்னு நெனைக்காத. அடி தின்னு வாங்கின நாளாக்கும்."

ஏதோ பைபிள் கதை சொல்கிறாள் என்று விட்டுவிட்டேன். பல வருடம் கழித்து தெற்குத் திருவிதாங்கூர் வரலாற்றைப் படித்தபோதுதான் அவள் சொன்னது ஊர்க்கதை என்று புரிந்தது.

இன்று சர்ச்சில் 'ஊழியம்' என்றால் இறைப்பணி. இருநூறு வருடங்களுக்கு முன்னால், இன்றைய கன்னியாகுமரி மாவட்டப் பகுதிகளில், அதே சொல்லுக்குப் பொருள் வேறு. அரசாங்கத்துக்கும் கோயில்களுக்கும் கூலியில்லாமல் செய்யவேண்டிய கட்டாய வேலை அது. சுமை தூக்கவேண்டும், பனையோலை கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். கூப்பிட்ட நாளில் போகவேண்டும். நாடார்கள் உட்பட, சாதி அடுக்கில் கீழே வைக்கப்பட்டவர்கள் மேல்தான் இந்தப் பாரம் விழுந்தது. சொந்த வேலையைப் போட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்பதால், ஊழியம் என்பது கூலி இழப்பு மட்டுமல்ல. நாளைக்கு என்ன செய்யப்போகிறேன் என்று சொல்லும் உரிமையே அவர்களுக்குக் கிடையாது.

1806-ல் லண்டன் மிஷனைச் சேர்ந்த ரிங்கல்தௌபே இந்தப் பக்கம் வந்தார். மயிலாடியில் சபை உருவானது. சபை என்று ஒன்று வந்தால் ஞாயிறு ஆராதனையும் வரும். ஆராதனைக்கு நிற்கிற ஆளை ஊழியத்துக்கு இழுத்துக்கொண்டு போனால்? அப்போது பிரிட்டிஷ் ரெசிடென்டாக இருந்தவர் கர்னல் மன்றோ. அவர் காலத்தில், 1810-களின் நடுவில், கிறிஸ்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஊழியத்திலிருந்தும் கோயில் வேலைகளிலிருந்தும் விலக்கு கிடைத்தது.

காகிதத்தில் கிடைத்தது என்று சொல்வதே சரி. 1820-களின் கடைசியில் தோள்சீலைக் கலவரம் வெடித்தபோது, ஞாயிற்றுக்கிழமை வேலையும் சச்சரவுக்குள் வந்தது. 1829 பிப்ரவரியில் வந்த அரச அறிவிப்பு, நாடார் பெண்களுக்கு மேலாடை உரிமையை மறுத்தது. மற்றவர்களைப் போலவே ஊழியமும் செய்தாகவேண்டும் என்றது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கட்டாயப்படுத்தக்கூடாது என்று விட்டுவைத்தது. உடுப்பு, உழைப்பு எதுவும் சொந்தமில்லாத மக்களுக்கு வாரத்தில் ஒரு நாள் மட்டும் சொந்தம்.

ஞாயிறு லீவுக்காக மதம் மாறினார்கள் என்று கேலி செய்கிறவர்கள் உண்டு. அவர்கள் யாத்திராகமம் ஐந்தாம் அதிகாரத்தைப் படிக்கலாம். கடவுளை வழிபட விடுப்பு கேட்டு மோசே நிற்கிறார். பார்வோனோ, வேலை செய்யச் சோம்பல், அதனால்தான் வழிபாடு என்கிறார்கள் என்று சொல்லி, வைக்கோல் கொடுப்பதை நிறுத்துகிறான். செங்கல் கணக்கை மட்டும் குறைக்கவில்லை. விடுதலைக் கதையே லீவு கேட்பதில்தான் தொடங்குகிறது.

பத்துக் கட்டளைகள் பைபிளில் இரண்டு இடத்தில் வருகின்றன. ஓய்வுநாளுக்குச் சொல்லப்படும் காரணம் இரண்டிலும் வேறு. யாத்திராகமத்தில், கடவுள் ஆறு நாளில் உலகைப் படைத்து ஏழாம் நாள் ஓய்ந்தார் என்பது காரணம். உபாகமத்தில், நீ எகிப்தில் அடிமையாக இருந்தாய், அதை மறக்காதே என்பது காரணம். அதனால்தான் மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, கழுதை, வாசலுக்குள் இருக்கும் அந்நியன் வரை ஓய்வு போகிறது. நான் ஓய்வெடுப்பது பாதிதான். என்னால் வேலை வாங்கப்படுகிறவரும் ஓயவேண்டும்.

ஆதித் திருச்சபைக்கு ஞாயிறு லீவு நாளே அல்ல. ரோம ஆளுநர் பிளினி, கி.பி. 112 வாக்கில் பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்தவர்கள் ஒரு குறிப்பிட்ட நாளில் விடியுமுன் கூடுகிறார்கள் என்கிறார். அவர்களில் அடிமைகளும் இருந்தார்கள். விடிந்தால் எஜமான் கூப்பிடுவான். 321-ல்தான் கான்ஸ்டன்டைன் ஞாயிறை ஓய்வுநாளாகச் சட்டமாக்கினார். அதிலும் நகரத்தாருக்கு ஓய்வு. விவசாயிக்கு, பருவம் தப்பிவிடும் என்பதால், வேலை செய்ய அனுமதி.

எங்கள் தாத்தாவுக்கு இந்தப் பிரச்சினை நன்றாகத் தெரியும். அவர் பனையேறி. சீசனில் பாளையைத் தினமும் சீவியாகவேண்டும். விட்டால் வடிவது நின்றுபோகும். பனைக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. எனவே இருட்டோடு ஏறி இறங்கிவிட்டு சர்ச்சுக்குப் போவார். ஆனால் அன்றைய பதநீரைக் காய்ச்சமாட்டார்கள், விற்கமாட்டார்கள். கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் ஊற்றிக் கொடுப்பாள் பாட்டி. கருப்பட்டிக்கு நஷ்டம்தான். "ஒரு நாளு காசு கணக்குப் பாக்காம இருந்தா செத்தா போவோம்?" என்பாளாம்.

நான் மென்பொருள் கம்பெனியில் வேலை செய்கிறேன். வீட்டிலிருந்தே வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையும் போனைத்தான் முதலில் பார்க்கிறேன். என்னை யாரும் அடித்து இழுத்துப் போகவில்லை. நானேதான் போகிறேன். பாட்டியின் முன்னோர் அடி வாங்கிப் பெற்ற நாளை நான் ஒரு மெசேஜுக்குக் கொடுத்துவிடுகிறேன்.

இன்னொன்றும் உறுத்துகிறது. கட்டளையில் உள்ள அந்தப் பட்டியலை மறுபடி படித்துப் பாருங்கள். மனைவி அதில் இல்லை. பாட்டி யாரையும் கேட்காமல் தன்னைச் சேர்த்துக்கொண்டாள், சனிக்கிழமையே குழம்பு வைத்து. அவளுக்குப் பின் எங்கள் வீட்டிலும் ஞாயிறு என்றால் மட்டன் என்றாகிவிட்டது. நாங்கள் ஆராதனை முடிந்து சாய்ந்து கிடக்கும்போது அம்மா தேங்காய் அரைத்துக்கொண்டிருப்பாள். எல்லோருடைய ஓய்வுநாளும் அவளுக்கு ஊழியம், பழைய அர்த்தத்தில்.

போன மாதத்திலிருந்து சனிக்கிழமை ராத்திரி நான் மீன்குழம்பு வைக்கிறேன். முதல் தடவை புளி கூடிவிட்டது. அம்மா அடுப்படி வாசலில் நின்றுகொண்டே இருந்தாள். மறுநாள் போனை அணைத்து அலமாரியில் வைத்துவிட்டு வந்து பார்த்தால், மத்தியான வெயிலில் திண்ணையில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பவில்லை. நாங்களே பழஞ்சோற்றைப் பிழிந்து போட்டுச் சாப்பிட்டோம்.