சோமன் வதமும் எட்டயபுரம் வம்சாவளியும்

பாளையக்காரர் வம்சாவளிகளை ஆராய்ந்தோருள் ஒரு சாரார், அவற்றில் வரும் அரசவைச் சாகசங்கள் யாவும் மன்னனது பிரசாதத்தால் குலத்துக்கு மேன்மை வந்ததைச் சொல்லும் கதைகளே என்று முடிவு கட்டினர். பிறிதொரு சாரார், பெயருக்குக் காரணம் கற்பிக்கப் பிற்காலத்தார் புனைந்தவை என்று அவற்றைத் தள்ளினர். எட்டயபுரத்தார் வரலாற்றிலுள்ள சோமன் வதத்தை மீண்டும் படிக்கையில், இவ்விரு கொள்கையினரும் கதையின் முற்பாதியோடு நின்றுவிட்டனர் என்ற அபிப்பிராயமே எனக்கு வலுப்படுகிறது.

கவிகேசரி சுவாமி தீட்சிதர் 1879இல் இயற்றிய 'வம்சமணி தீபிகை' இவ்வம்சத்தின் பிரதான நூல். சந்திரகிரிச் சீமையைப் பூர்வீகமாகக் கொண்ட முன்னோன் ஒருவன் விஜயநகர அரண்மனை வாயிலில் நின்ற சோமன் என்னும் மல்லனைக் கொன்றான் என்பதும், மாண்டவனுடைய தம்பியர் எண்மரும் ஆதரவற்று நிற்கக் கொன்றவனே அவர்களுக்குத் தந்தையாகிக் காத்தான் என்பதும், அதனால் எட்டப்பன் என்ற பட்டம் அவன் சந்ததிக்கு நிலைத்தது என்பதும் அவ்வம்சத்தார் பரம்பரையாக வழங்கிவரும் செய்தி.

பெயர்க்காரணம் மெய்யோ பொய்யோ, அதைப் பற்றி இங்கே விவாதிக்க நான் விரும்பவில்லை. குலப்பெருமை பேச வந்தவன் பகைவனைக் கொன்றதோடு நிறுத்தியிருக்கலாம். புலியைக் கொன்றோ மல்லனை வீழ்த்தியோ விருதும் பாளையமும் பெற்றதோடு அமையும் வம்சாவளிகள் பல உண்டு. இங்கோ, கொலையுண்டவனுடைய உடன்பிறந்தார் கொன்றவன் குடும்பத்துக்குள் வந்து சேர்கின்றனர். அச்சேர்க்கையே குலத்தின் அடையாளமுமாகிறது. கரிசற் காட்டில் குடியேறிக் காடு திருத்தி ஊர் கட்டி, சுற்றியுள்ள கிராமங்களைக் காத்து அதற்குரிய காவற் கூலியைப் பெற்று, தன்னைச் சேர்ந்தவர்க்கு நிலத்தை மானியமாக விட்டு வாழ்ந்த கம்பளத்து நாயக்கர் தலைவன் ஒருவனுக்கு ஆள்பலமே ஆதாரமாயிருந்தது. அந்தப் பலம் மகப்பேற்றினால் மட்டும் பெருகியிராது. தோற்றவனுடைய சுற்றத்தாரைப் பழிக்கு விடாமல் தன் சுற்றமாக்கிக்கொண்டதனாலும் பெருகியிருக்க வேண்டும். நாம் வம்சாவளி என்று படிப்பது, ஐயத்துக்கு இடம் வைத்தே சொல்கிறேன், பெரும்பாலும் ஒரு காவற்படை குடும்பமாகத் திரண்ட வரலாறே.

இலண்டனின் கிழக்கே மனோர் பார்க்கில், சர்ச் ரோடு முருகன் கோயிலை அண்டிக் குடியேறியிருக்கும் ஈழத்தமிழரிடையே, ஒரே ஊரார் என்பதொன்றாலேயே ஒருவர் சித்தப்பாவாகவும் அவர் மக்கள் உடன்பிறந்தாராகவும் கொள்ளப்படுவதைக் காண்கிறவனுக்கு, அயல் மண்ணில் கால் ஊன்றுவோர் உறவை ஆக்கிக்கொள்வது விசித்திரமாகத் தோன்றாது. இது சான்றாகாது என்பதை அறிவேன். ஆயினும், அத்தகைய சேர்க்கையை நம்பத்தகாதது என்று தள்ளுவதற்கு முன் நம்மைத் தயங்கச் செய்யவேனும் போதும்.

நூல் காலத்தால் பிந்தியது என்னும் ஆட்சேபம் பெரிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாளையங்கள் ஜமீன்களாகி, படையும் காவலுரிமையும் போய்விட்ட பிறகு, பகைவன் தம்பியரைச் சேர்த்துக்கொண்ட கதையால் ஜமீனுக்கு எய்தக்கூடிய லாபம் யாதொன்றும் இல்லை. பயனற்றதைப் புதிதாகப் புனைவாரும் இலர். அந்நூலின் நடை கொச்சையானது, குற்றம் மலிந்தது என்று கூறி, நல்ல தமிழில் அமைத்துத் தருவதாக 1919இல் எட்டயபுரம் ஜமீன்தாருக்குப் பாரதியார் எழுதினார். இலக்கியச் சுவை நோக்கில் அவர் தீர்ப்பை மறுக்க இயலாது. ஆனால் செம்மைப்படாத அந்த நடையில்தான், மெருகிட்டிருந்தால் மறைந்துபோகக்கூடிய பழைய செய்திகள் தப்பிப் பிழைத்தன என்று கருதுகிறேன்.

1799இல் எட்டயபுரம் கட்டபொம்மனுக்கு எதிராகக் கம்பெனியார் பக்கம் நின்றது உண்மை. அதனால் எட்டப்பன் என்பது துரோகிக்கு மறுபெயராயிற்று. 1959இல் வெளிவந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' திரைப்படம் அவ்வழக்கை மேலும் பரப்பிற்று. அந்தக் கசப்பு, நெடுங்காலத்துக்கு முற்பட்ட சோமன் கதையை நிதானமாகப் படிப்பதையே தடுத்துவிட்டது என்பது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. காலின் மெக்கன்சி திரட்டிய பாளையக்காரர் வம்சாவளிகள் ஒவ்வொன்றிடமும், வென்றவனுக்கு மன்னன் அளித்தது யாது என்பதோடு, தோற்றவன் சுற்றத்தார் எங்கே சென்று சேர்ந்தனர் என்றும் கேட்டாக வேண்டும். ராஜப்பிரசாதக் கணக்காகவே அவற்றை வாசித்தோர் இக்கேள்வியை இதுவரை எழுப்பவே இல்லை.