கூலியில் பிறந்த குரல்

வானொலிப் பெட்டியின் குமிழைத் திருகுகிறோம், குரல் வருகிறது. என்ன சொல்கிறது அக்குரல் என்று கேட்கிறோம். இனிமையாக இருக்கிறதா என்று பார்க்கிறோம். அந்தக் குரலுக்குக் கூலி கொடுப்பவர் யார் என்று மட்டும் நாம் கேட்பதில்லை. கேட்டிருந்தால், உலகின் பெரும்பாலான நிலையங்களுக்குப் பின்னால் இரண்டே முகங்களைக் கண்டிருப்போம்: ஒன்று அரசாங்கத்தின் முகம்; மற்றொன்று வணிகனின் முகம். மன்றாடிக் கேட்டால் ஏழைக்கும் அரை மணி நேரம் கிடைக்கலாம். அதுவும் எழுதிக் கொடுத்ததைப் படிப்பதாக இருந்தால்!

மூன்றாவது முகம் ஒன்றும் உண்டு. ஒட்டிய கன்னமும், கரி படிந்த நெற்றியும், இருமலால் குலுங்கும் நெஞ்சும் கொண்ட சுரங்கத் தொழிலாளியின் முகம் அது. தன் கூலியில் ஒரு பகுதியை எடுத்து வைத்து, அந்தப் பணத்தில் ஒலிபரப்பு நிலையம் கட்டி, அதைக் காக்கத் தன் உயிரையும் கொடுத்த ஒரு கூட்டத்தாரின் வரலாற்றை இன்று நாம் எண்ணிப் பார்க்கப் போகிறோம்.

தென் அமெரிக்கக் கண்டத்தின் நடுவே, கடற்கரையற்ற மலைநாடு பொலிவியா. அதன் பொத்தோசி மாநிலத்தின் வடபகுதியில், கடல் மட்டத்துக்கு 3,800 மீட்டருக்கும் மேலே, மரம் வளராத குளிர்காற்று வீசும் மேட்டில், லல்லாகுவா என்றொரு சிற்றூர். அதையொட்டி ஒரு சுரங்கம். அந்தச் சுரங்கத்தின் பெயர் சிக்லோ வெய்ன்டே. பொருள் என்ன தெரியுமா? இருபதாம் நூற்றாண்டு! பெயரில்தான் இருபதாம் நூற்றாண்டு. உள்ளே இறங்கிய மனிதன் வாழ்ந்ததோ அடிமைகளின் காலம். வெள்ளீயப் பாறையைத் துளையிடும்போது எழும் தூசி நுரையீரலில் படிந்து, நாற்பது வயதை எட்டுமுன்பே பலரைச் சாய்த்தது. குடியிருந்த அறை நிறுவனத்தின் சொத்து. அரிசியும் ரொட்டியும் வாங்கிய கடை நிறுவனத்தின் கடை. தொழிலாளி இறந்தால் அவன் மனைவி மக்கள் அந்த அறையையும் காலி செய்துவிட வேண்டும்.

அந்த வெள்ளீயத்தின் உடைமையாளர் சிமோன் பத்தினோ. உலகப் பெரும் பணக்காரர்களில் ஒருவராக எண்ணப்பட்டவர். தம் பிற்கால வாழ்வின் பெரும்பகுதியை அவர் கழித்தது வெளிநாடுகளிலே. 1947-இல் அவர் கண்மூடியதும் அயல்மண்ணிலேதான். செல்வம் தந்த மலை ஒரு பக்கம், செல்வத்தை நுகர்ந்த மாளிகை மறுபக்கம், நடுவே பெருங்கடல்!

1942 டிசம்பர் 21-ஆம் நாள். கூலி உயர்வு கேட்டு ஊர்வலம் வந்த தொழிலாளர் மீதும் அவர்தம் பெண்டிர் மீதும், பக்கத்திலுள்ள காத்தாவி என்னுமிடத்தில் இராணுவம் சுட்டது. ஊர்வலத்தின் முன்னணியில் வந்த மரியா பார்சோலா என்ற மூதாட்டியும் அன்று வீழ்ந்தார். அந்தத் திடலுக்கு அவர் பெயரே நிலைத்தது. பத்தாண்டுகள் கழித்து, 1952 ஏப்ரலில் புரட்சி வெடித்தது. சுரங்கத் தொழிலாளர் படைக்கலம் ஏந்தினர், படை பணிந்தது. அதே ஆண்டு ஜூலையில், அதுவரை எழுதப் படிக்கத் தெரிந்த ஆடவருக்கு மட்டுமே இருந்த வாக்குரிமை, பெண்கள் உட்பட அனைவருக்கும் வந்தது. அக்டோபர் 31-இல், எந்தத் திடலில் இரத்தம் சிந்தியதோ அதே காத்தாவித் திடலில், பெருஞ்சுரங்கங்களை நாட்டுடைமையாக்கும் ஆணை கையெழுத்தாயிற்று.

வாக்குச்சீட்டு வந்துவிட்டது, சரி. ஆனால் எதை எண்ணி வாக்களிப்பது? எவர் சொல்லக் கேட்டு? 1950-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந்நாட்டு மக்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோர் எழுத்தறியாதவர்கள். செய்தித்தாள் அச்சானதோ ஸ்பானிய மொழியில். சுரங்கத்துக் குடும்பம் அடுப்படியில் பேசியதோ கெச்சுவா மொழி. தலைநகர் லாபாசில் அச்சாகும் ஏடு மலையேறி வந்து சேர்ந்தாலும், அது படிக்கத் தெரியாதவன் கையில் வெறும் பொட்டலத்தாள்தானே!

இந்த முட்டுக்கட்டையை உடைக்கத் தொழிலாளர் கண்ட கருவிதான் வானொலி. 1940-களின் இறுதியில் தொடங்கிய முயற்சி 1952-க்குப் பிறகு வேகம் பெற்றது. சுரங்கத்துக்குச் சுரங்கம் தொழிற்சங்கங்கள் நிலையம் அமைத்தன. 1960-களில் இருபதுக்கும் மேற்பட்ட நிலையங்கள் மலைமேட்டில் ஒலித்தன. சிக்லோ வெய்ன்டே தொழிலாளர் தம் நிலையத்துக்குச் சூட்டிய பெயர் ‘லா வோஸ் தெல் மினேரோ’. ‘சுரங்கத் தொழிலாளியின் குரல்’ என்பது பொருள். விளம்பரக்காரனிடம் கை நீட்டவில்லை. அமைச்சர் வாசலில் காத்து நிற்கவில்லை. ஒவ்வொரு தொழிலாளியும் தன் கூலியிலிருந்து ஒரு பகுதியைச் சங்கத்துக்குத் தந்தான். அதிலிருந்து ஒலிவாங்கியும் இசைத்தட்டும் ஒலிபரப்புக் கருவியும் வந்தன.

கருவிகள் எளியவை, ஒலி எட்டிய தொலைவும் குறைவு. ஆனால் அந்த எல்லைக்குள் அது செய்த பணி பெரிது. சங்கக் கூட்டம் எப்போது, கூலிப் பேச்சு எந்த நிலையில் இருக்கிறது, கடையில் ரொட்டி வந்ததா, யார் வீட்டுக் குழந்தையைக் காணவில்லை, எந்தச் சிற்றூரிலிருந்து யாருக்கு என்ன செய்தி—அத்தனையும் அதில் வந்தது. கெச்சுவா மொழியில் வந்தது. மலைநாட்டுப் பாட்டோடு வந்தது. ஒலிவாங்கி அறைக்குள் அடைந்து கிடக்கவில்லை. சுரங்க வாயிலுக்குப் போயிற்று, பந்தாட்டத் திடலுக்குப் போயிற்று, பள்ளிக்கூடத்துக்குப் போயிற்று. சங்கத் தலைவரைக் குறை சொல்ல நினைத்த தொழிலாளியும் அதே ஒலிவாங்கியின் முன் நின்று பேச முடிந்தது. தன் வீட்டு மொழி வானத்தில் ஏறி வருவதைக் கேட்டவன், அதை இழிமொழி என்று இனி எவர் சொன்னாலும் நம்புவானா?

தொழிலாளி பேசத் தொடங்கினால் பொறுத்திருக்குமா ஆதிக்கம்? 1959 மே முதல் நாளன்று, அதே சிக்லோ வெய்ன்டேயில் மற்றொரு நிலையம் முளைத்தது. நிறுவியவர்கள் கிறித்தவப் பாதிரிமார். பெயர் பன்னிரண்டாம் பயஸ் வானொலி. பொதுவுடைமையாளரைத் திருச்சபையிலிருந்து விலக்கும் ஆணை 1949-இல் எந்தப் போப்பாண்டவர் காலத்தில் பிறந்ததோ, அவருடைய பெயர்! பெயரே நோக்கத்தைச் சொல்லிவிட்டது. தொழிலாளரைச் சங்கத்தின் சிவப்புக் கொடியிலிருந்து பிரித்துச் சிலுவையின் நிழலுக்குக் கொண்டுவருவதே அதன் பணி. ஒரே ஊரில் இரு குரல்கள்; ஒன்றையொன்று சாடின.

இந்த இடத்தில், பகுத்தறிவு பேசும் நாம் ஓர் உண்மையை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். அந்த நிலையம் மாறியது. வானிலிருந்து வந்த வாக்கால் மாறவில்லை. வாசலில் கண்ட காட்சியால் மாறியது. பாதிரிமார் சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்த்தனர். தூசி தின்ற நெஞ்சங்களைப் பார்த்தனர். 1964-இல் ஆட்சியைக் கைப்பற்றிய தளபதி பாரியென்தோஸ் மறு ஆண்டே கூலியை வெட்டி, சங்கத் தலைவர்களை நாடு கடத்தி, சுரங்கங்களுக்குள் படையை ஏவியதைப் பார்த்தனர். சுட்டவன் பக்கம் நிற்பதா, சுடப்பட்டவன் பக்கம் நிற்பதா என்ற கேள்வி எழுந்தபோது, சங்கத்தைச் சாட வந்த நிலையம் சங்கத்தின் துணையாயிற்று. கண்ணால் கண்டதை மறுக்காத நேர்மைக்குப் பெயர் என்ன? நாம் அதைப் பகுத்தறிவு என்போம். அங்கி அணிந்தவரிடம் அது தோன்றினால் ஒப்புக்கொள்ள நமக்குத் தயக்கமில்லை.

1967 ஜூன் 24. புனித யோவான் திருநாள் இரவு. ஆண்டில் மிகக் கடுங்குளிர் இரவு என்று அம்மக்கள் அதைக் கருதினர். வீதியெங்கும் தீ மூட்டி, ஆடிப் பாடிக் குளிர் காய்ந்தனர். அப்போது சே குவேராவின் கொரில்லாப் படை அந்நாட்டின் தென்கிழக்குக் காட்டில் இருந்தது. அதற்குக் கூலிப் பணமும் மருந்தும் தர முன்வந்திருந்த தொழிலாளர், சிக்லோ வெய்ன்டேயில் பெருங்கூட்டம் ஒன்றுக்கு ஏற்பாடு செய்திருந்தனர். கூட்டம் கூடுமுன் படை கூடிவிட்டது. விடியற்காலையில், தீ அணையும் நேரத்தில், உறங்கப்போன ஊருக்குள் சுட்டுக்கொண்டு நுழைந்தனர். சங்கக் கட்டடமும் அதன் வானொலியும் அவர்களின் முதல் இலக்குகளில் அடங்கும். அதைக் காத்து நின்ற சங்கத் தலைவர் ரொசெந்தோ கார்சியா மைஸ்மான் குண்டுக்கு இரையானார். ஒலிவாங்கி ஒன்றுக்காகவா உயிர் கொடுப்பது என்று கேட்போர் உண்டு. ஒலிவாங்கிக்கு அஞ்சிப் படை அனுப்பியவனைக் கேளுங்கள். அதன் விலையை அவன் சொல்வான்.

அந்தப் படுகொலையை ஹோர்ஹே சன்கினேஸ் என்ற இயக்குநர் 1971-இல் திரைப்படமாக்கினார். உயிர் தப்பியவர்களே அதில் நடித்தனர். அவர்களில் ஒருவர் தொமித்திலா பாரியோஸ் தெ சுங்காரா. 1937-இல் பிறந்தவர், சுரங்கத் தொழிலாளியின் மகள், சுரங்கத் தொழிலாளியின் மனைவி. 1961-இல் சிறைப்பட்ட கணவன்மாரை மீட்கத் தொடங்கிய இல்லத்தரசியர் குழுவின் தலைவர்களில் ஒருவராக உயர்ந்தவர். அந்தக் குழுவின் பெண்கள் முதன்முதலாகப் பேச எழுந்தபோது எள்ளி நகைத்தவர் யார்? முதலாளியா? இல்லை, தோழர்களே! அவர்களுடைய சொந்த ஆடவர்கள்! ‘வீட்டுக்குப் போய்ச் சமையலைப் பார்’ என்ற ஏளனத்தைத் தாண்டித்தான் அப்பெண்கள் வானொலியில் பேசினர். புரட்சி பேசும் வாய்க்கும் பெண் பேசினால் கசக்கும் என்பதற்கு இது ஒரு சான்று. நம் வீடுகளிலும் இந்தக் கசப்பு இருக்கிறதா என்று நாம் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது. அதே தொமித்திலா, 1975-இல் மெக்சிக்கோ நகரில் நடந்த உலகப் பெண்கள் ஆண்டு மாநாட்டு அரங்கில், மாளிகைப் பெண்ணின் துயரும் சுரங்கப் பெண்ணின் துயரும் ஒன்றல்ல என்று எடுத்துரைத்தார்.

அதே 1975-இன் தொடக்கத்தில், தளபதி பான்சரின் படை சிக்லோ வெய்ன்டே வானொலி நிலையங்களுக்குள் புகுந்து கருவிகளை உடைத்தது. பாதிரிமார் நிலையமும் தப்பவில்லை. தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தனர். கேட்டது கூலி உயர்வன்று. தம் வானொலியைத் திருப்பித் தரச் சொல்லி! 1977 டிசம்பர் 28-இல், சுரங்கத் தொழிலாளரின் மனைவியர் நால்வர் தம் பிள்ளைகளோடு லாபாசில் உண்ணாநோன்பு தொடங்கினர். சில நாட்களில் நாடெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்தனர். அடுத்த மாதமே பான்சர் பணிந்து பொதுமன்னிப்பு அறிவித்தார்.

1980 ஜூலை 17. தளபதி கார்சியா மேசா ஆட்சியைப் பறித்தார். தலைநகரின் நிலையங்கள் படையினர் சொன்னதைப் பாடத் தொடங்கின. அப்போது சுரங்க நிலையங்கள் ஒன்றோடொன்று கைகோத்து ‘மக்களாட்சிச் சங்கிலி’ அமைத்தன. ஒரு நிலையம் சொன்னதை அடுத்தது வாங்கிச் சொல்லும். ஒன்று வீழ்ந்தால் மற்றது தொடரும். படை எத்தனை மைல் தொலைவில் வருகிறது என்பதையே செய்தியாகச் சொல்லிக்கொண்டு, கதவு உடைபடும் வரை பேசினர். நாட்டின் மற்றக் குரல்கள் அடங்கிய பின்பும் அந்தச் சங்கிலி நாட்கணக்கில் ஒலித்தது. 1982 அக்டோபரில் மக்களாட்சி திரும்பியபோது, நிலையங்களும் மீண்டும் பேசின.

துப்பாக்கி சாதிக்காததைச் சந்தை சாதித்தது! 1985 ஆகஸ்டில் வந்தது 21060 என்ற எண்ணுள்ள அரசாணை. அவ்வாண்டு அக்டோபரில் உலகச் சந்தையில் வெள்ளீயத்தின் விலை சரிந்து விழுந்தது. நாட்டுடைமைச் சுரங்கங்களிலிருந்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டனர். 1986 ஆகஸ்டில் ‘வாழ்வுக்கான பயணம்’ என்று தலைநகர் நோக்கி நடந்தவர்களைப் படை வழியிலேயே தடுத்தது. கூலி இல்லை, கூலியில்லாதபோது சங்க நிதி ஏது? நிதியில்லாதபோது நிலையம் ஏது? மூட்டை முடிச்சோடு குடும்பங்கள் மலையிறங்கின. அவற்றின் பின்னால் நிலையங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. வெளியிலிருந்து பணம் வந்த பாதிரிமார் வானொலி அதன் பிறகும் நீடித்தது என்பதையும் நாம் கணக்கில் கொள்ள வேண்டும்.

என்ன கற்கிறோம் இதிலிருந்து? சொந்தக் காசில் எழும் குரலே சொந்தக் குரல். அந்தக் காசு எந்தத் தொழிலிலிருந்து வருகிறதோ அந்தத் தொழில் சாய்ந்தால் குரலும் சாயும். ஒலிவாங்கியைக் காக்க நினைப்பவன் உலையையும் காக்க வேண்டும். இரண்டையும் பிரித்துப் பார்த்தவர் எவரும் வென்றதில்லை.

அப்படியானால் தோற்றார்களா அந்தத் தொழிலாளர்? ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், எழுத்தறியாதோர் என்று ஒதுக்கப்பட்டவர்கள் தம் மொழியில் தம் கருத்தைத் தாமே சொன்னார்கள். படை இத்தனை முறை வந்து உடைத்ததே, ஒவ்வொரு முறையும் மீண்டும் காசு சேர்த்துக் கட்டினார்களே, அதற்கு என்ன பெயர் தருவது? தோல்வி என்று சொல்ல நமக்கு நாக்கு எழவில்லை.

அடுத்த முறை எந்தப் பெட்டியிலிருந்து எந்தக் குரல் வந்தாலும், இளைஞர்களே, முதலில் ஒரு கேள்வி கேளுங்கள்: இதற்குக் கூலி கொடுப்பவர் யார்? விடை கிடைத்த பிறகு, சொன்ன சேதியை எடை போடுங்கள்.