கீன்வாவும் ஆச்சியின் கம்பங்கஞ்சியும்

இந்த வாரக் கதை ஒரு அடுப்படியில ஆரம்பிக்குது. திருச்செந்தூர்ல இருக்கிற எங்க ஆச்சி வீட்டு அடுப்படி.

போன தடவை ஊருக்குப் போனப்போ சென்னையிலிருந்து அரைக் கிலோ கீன்வா வாங்கிட்டுப் போனேன். பாக்கெட்ல பார்த்தா பாதிப் பேர் 'குயினோவா'ன்னு வாசிப்போமே, அதேதான். ஆச்சிக்குச் சர்க்கரை இருக்கு. சோத்தைக் குறைக்கச் சொல்லியிருக்காங்க. "நான் சமைச்சுத் தர்றேன், பாருங்க"ன்னு வீராப்பா சொல்லிட்டு, பாக்கெட்டைப் பிரிச்சு நேரா கொதிக்கிற தண்ணியில கொட்டிட்டேன்.

ஒரு வாய் வச்சதும் ஆச்சி முகம் சுளிச்சிட்டாங்க. "ஏட்டி, களையாமலா போட்ட?"

சரியான கேள்வி. கீன்வா விதையோட மேல்தோல்ல சப்போனின்னு ஒரு பொருள் இருக்கு. நம்ம பூந்திக்கொட்டையை ஊறவச்சா நுரைக்குதே, அதுக்கும் சப்போனின்தான் காரணம். பறவைகளும் பூச்சிகளும் தின்னாம இருக்கச் செடி தனக்குத்தானே பூசிக்கிட்ட கசப்பு அது. நுரை நிக்கிற வரைக்கும் நாலஞ்சு தண்ணியில களைஞ்சாத்தான் கசப்பு போகும்.

"சரி ஆச்சி, இது வேண்டாம். கம்பங்கஞ்சி வச்சுத் தரவா?"ன்னு கேட்டேன். அதுக்கு ஆச்சி சொன்ன பதில்தான் என்னை இந்த எபிசோடைச் செய்ய வச்சது.

"அதை விட்டு வரத்தானட்டி இவ்வளவு பாடுபட்டோம். மறுபடியும் அங்கேயே போகச் சொல்லுதியா?"

நமக்கு 'சூப்பர் ஃபுட்'. அவங்களுக்கு அது வறுமையோட ருசி. ஒரே தானியம் எப்படி ரெண்டு பேருக்கு ரெண்டு அர்த்தம் ஆச்சு? இதைப் புரிஞ்சுக்கக் கொஞ்சம் பின்னாடி போகணும்.

முதல்ல நிலத்தைப் பார்ப்போம். பொதிகையில் பிறக்கும் தாமிரபரணி கடலில் கலக்கும் முன்பு எட்டு அணைக்கட்டுகளைத் தாண்டி வருகிறது. எட்டாவது ஸ்ரீவைகுண்டம். அங்கிருந்து தென்கால், வடகால் என்று வாய்க்கால்கள் பிரிகின்றன. தென்கால் தண்ணீர் பாயும் பக்கம் நெல்லும் வாழையும். தண்ணீர் எட்டாத இடத்தில் சிவப்பு மணல் தேரி, பனை, உடன்குடிக் கருப்பட்டி. வடக்கே விளாத்திகுளம், கோவில்பட்டி பக்கம் போனால் மழையை நம்பி நிற்கும் கரிசல் காடு. அங்கே கம்பு, சோளம், குதிரைவாலி. நிலத்துல எது விளைஞ்சதோ அதுதான் தட்டுல விழுந்துச்சு. ஆச்சி பிறந்தது கரிசல்ல, வாக்கப்பட்டு வந்தது திருச்செந்தூருக்கு. ஒரு கல்யாணத்துல அவங்க கடந்து வந்தது சில மைல் தூரம் மட்டும் இல்லை. கஞ்சியிலிருந்து சோத்துக்கு வந்திருக்காங்க.

இந்த ரெண்டு தானியமும் இங்க பக்கத்துப் பக்கத்துல இருந்தது நேத்து இன்னைக்கு இல்லை. ஆதிச்சநல்லூரில் 1899 முதல் சில ஆண்டுகள் அகழாய்வு செய்த அலெக்சாண்டர் ரீ, பானைகளில் நெல் உமியோடு சிறுதானிய உமியும் கிடைத்ததாகப் பதிவு செய்தார். பக்கத்திலுள்ள சிவகளையில் ஒரு முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று ஆய்வக முடிவு வந்தது. 2021-ல் தமிழக அரசு சட்டமன்றத்திலேயே இதை அறிவித்தது. அதாவது, சுமார் 3,200 ஆண்டுகளுக்கு முன்பே இந்த ஆற்றங்கரையில் செத்தவருக்கு நெல் வைத்து அனுப்பியிருக்கிறார்கள்.

சாமிக்கும் தானியம் உண்டு. அறுபடை வீடுகளில் கடற்கரையில் இருப்பது திருச்செந்தூர் ஒன்றுதான். கோயிலுக்கு வடக்கே பாறையைக் குடைந்த வள்ளி குகை இருக்கிறது. வள்ளி யாரு? தினைப்புனம் காத்த பொண்ணு. கிழவன் வேஷத்தில் வந்த முருகன் பசிக்குதுன்னு கேட்டதும் அவள் கொடுத்தது தேனும் தினை மாவும். நெல்லுச்சோறு இல்லை.

இங்க ஒரு சின்ன இடைவேளை. "கீன்வா வெளிநாட்டுச் சரக்கு, நம்ம கம்புதான் நம்ம மண்ணோடது"ன்னு ஃபார்வர்டு மெசேஜ் வரும் இல்லையா? கொஞ்சம் நிதானமா பார்ப்போம். கம்பும் சோளமும் கேழ்வரகும் ஆப்பிரிக்காவில் பிறந்தவை. தினையை முதலில் பயிராக்கியது வட சீனாவில். வரகும் சாமையும் இந்தியாவிலேயே பயிரானவை. பச்சை மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. வந்த தேதிதான் வேற வேற. கீன்வாவுக்கு நம்ம ஊர்லயே ஒரு சொந்தக்காரன் உண்டு, சக்கரவர்த்திக் கீரை. ரெண்டும் கீனோபோடியம் என்கிற ஒரே பேரினம். கீன்வா நெல், கம்பு மாதிரிப் புல் வகையே கிடையாது. ஒரு கீரையோட விதைன்னு வச்சுக்கோங்க.

சரி, கம்பு ஏன் கீழே போச்சு? ரெண்டு காரணம் சொல்றேன்.

முதல் காரணம் உழைப்பு. கம்பைத் தண்ணி தெளிச்சு, உரல்ல போட்டு உலக்கையால இடிச்சு, புடைச்சு, மறுபடி இடிச்சு, கொதிக்க வச்சுக் கிண்டணும். குதிரைவாலியும் வரகும் இன்னும் மோசம், உமி லேசுல விடாது. காட்டுவேலை முடிச்சு வந்த பொம்பளைங்கதான் ராத்திரி இதைச் செஞ்சாங்க. ஆச்சி கையை விரிச்சுக் காட்டினாங்க, உலக்கை பிடிச்ச காய்ப்பு இன்னும் இருக்கு. ரைஸ் மில்லு வந்து அரிசி வெள்ளையா, இடிக்காமக் கிடைச்சப்போ, அது அவங்களுக்கு விடுதலை. 'பாரம்பரிய உணவை மறந்துட்டோம்'னு நாம வருத்தப்படும்போது அந்த உலக்கையைச் சேர்த்து நினைக்கணும்.

இரண்டாவது காரணம் அரசியல். கரிசல் பக்கம் நெல்லுச்சோறு என்பது தீபாவளி, பொங்கல், கல்யாண வீடு. மத்த நாள் கஞ்சி, கூழ். யார் வீட்டில் அரிசி வேகுது என்பதே அந்தஸ்து. 1965, 66-ல் கடுமையான உணவுத் தட்டுப்பாடு. 1966-ல் ஐ.ஆர்.8 நெல் ரகம் வெளியானது. 1967 தேர்தலில் தி.மு.க. 'ரூபாய்க்கு மூணு படி' அரிசி என்று வாக்குறுதி கொடுத்தது. யோசிச்சுப் பாருங்க, அந்தப் படியில் கேட்டது கம்பு இல்லை, அரிசி. ஆட்சிக்கு வந்தபின் ரூபாய்க்கு ஒரு படி திட்டம் சென்னையிலும் கோவையிலும் தொடங்கியது. 2008-ல் ரேஷன் அரிசி கிலோ 1 ரூபாய். 2011 ஜூனிலிருந்து இலவசம். பட்டினியை விரட்டியதில் இந்த அரிசிக்குப் பெரிய பங்கு உண்டு. கூடவே, கம்பு விதைத்த மானாவாரி விவசாயிக்கு வீட்டிலேயே வாங்க ஆள் இல்லாமல் போனது.

இப்போ உலகத்தோட இன்னொரு பக்கம் போவோம். பெரு, பொலிவியா நாடுகளின் ஆண்டிஸ் மலை, டிட்டிகாக்கா ஏரிக்கரை. கடல் மட்டத்திலிருந்து 3,800 மீட்டர் உயரம். அங்கே பல ஆயிரம் ஆண்டுகளாகக் கீன்வாதான் சோறு. 1532-ல் ஸ்பானியர்கள் வந்த பிறகு கோதுமையும் பார்லியும் மேலே போயின. கீன்வா 'மலைவாசி சாப்பாடு' என்று கீழே தள்ளப்பட்டது. அங்கேயும் உழைப்புதான். களிமண்ணோடு வறுத்து, கல்குழியில் கொட்டி, காலால் மிதித்து மிதித்துத் தோலை எடுப்பார்கள். நம்ம ஊர் உரல் வேலை ஞாபகம் வரலையா?

பிறகு 2013-ஐ ஐ.நா. சபை கீன்வா ஆண்டாக அறிவித்தது. அதற்குச் சிறப்புத் தூதர், ஏழை ஐமாரா விவசாயக் குடும்பத்தில் பிறந்து பொலிவியாவின் அதிபரான ஈவோ மொராலெஸ். விலை எகிறியது. அவமானமாக நினைத்த தானியம் ஏற்றுமதிச் சரக்கானது. மற்ற நாடுகளும் பயிரிட ஆரம்பித்ததும் 2015-ல் விலை சரிந்தது. சரியாகப் பத்து வருஷம் கழித்து, 2023, இந்தியா முன்மொழிந்த சிறுதானிய ஆண்டு. அந்த வருஷம்தான் நீலகிரி, தருமபுரி ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள்.

ரெண்டு மலைக்கும் கரிசலுக்கும் நடுவுல பாதி உலகம் இருக்கு, கதை மட்டும் ஒண்ணு. ஏழை சாப்பிட்டா இளக்காரம், பணக்காரன் சாப்பிட்டா ஆரோக்கியம்.

சத்துல எப்படி? 100 கிராமுக்குக் கீன்வாவில் சுமார் 14 கிராம் புரதம், தினையில் 12, வெள்ளை அரிசியில் 7. கீன்வாவில் லைசின் என்கிற அமினோ அமிலம் நல்ல அளவில் உண்டு, தினையில் குறைவு. ஆனா பருப்புல அது நிறைய. தினைச்சோத்துக்குப் பருப்பு ஊத்திக்கிட்டா கணக்கு நேராயிடும்.

மறுநாள் காலையில ஆச்சியே களத்துல இறங்கினாங்க. மிச்சக் கீன்வாவை நாலு தண்ணியில தேய்ச்சுக் களைஞ்சு, வடிகட்டி, வெறும் சட்டியில ஈரம் வத்துற வரைக்கும் வறுத்தாங்க. ஒரு டம்ளருக்கு ரெண்டு டம்ளர் தண்ணி, உப்பு, சின்னத் தீயில கால் மணி நேரம். ஒவ்வொரு விதையிலும் வெள்ளையா ஒரு வால் பிரிஞ்சு நின்னதும் இறக்கி, அஞ்சு நிமிஷம் மூடி வச்சாங்க. முந்தின நாள் கருவாட்டுக் குழம்பு இருந்துச்சு. அதை ஊத்திப் பிசைஞ்சாங்க.

"நல்லாத்தான் இருக்கு. குதிரைவாலிச் சோறு மாரி"ன்னாங்க.

எனக்கு விளங்கிடுச்சு. நான் அவங்களைக் கேட்டிருக்க வேண்டியது "கம்பு சாப்பிடுறீங்களா"ன்னு இல்லை. "யார் இடிக்கிறது, யார் கிண்டுறது"ன்னு பேசியிருக்கணும். அன்னைக்குச் சாயங்காலம் மில்லுல உடைச்ச கம்பு வாங்கிட்டு வந்து நானே அடுப்புல நின்னு கிண்டினேன், ஆச்சி முக்காலியில உக்காந்து "கட்டி தட்டுதுட்டி, கைய நிப்பாட்டாத"ன்னு மேற்பார்வை பார்த்தாங்க. ராத்திரி ஆறவச்சு, விடிஞ்சதும் மோர் ஊத்திக் கரைச்சு, சின்ன வெங்காயத்தைக் கடிச்சுக்கிட்டு ரெண்டு பேரும் குடிச்சோம்.

ஆச்சி ஒரு செம்பு முழுசா குடிச்சாங்க. மத்தியானம் கொஞ்சம் சோறும் கேட்டாங்க. கொடுத்தேன்.

உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட அவங்க சின்ன வயசுல தினமும் என்ன சாப்பிட்டாங்கன்னு கேட்டுப் பாருங்க. அப்படியே அதை யார் இடிச்சாங்கன்னும் கேளுங்க. அடுத்த வாரம் சந்திப்போம்.