எருமை நாக்கு

உப்பின் பெயரையே தன் பெயராகக் கொண்ட இலங்கைக் கடற்கரை ஊரான உப்புவெளியிலே, வடகீழ்ப் பருவக்காற்று ஓய்ந்து கடல் அடங்கிய மாதங்களில் கரைவலை ஏறும்போது, நெத்தலியும் சூடையும் துள்ளுகின்ற மடியின் அடியில், மணல் நிறத்தோடு ஒட்டிக் கிடக்கும் தட்டை மீனொன்றின் இரு கண்களும் ஒரே பக்கத்தில் அமைந்திருக்கக் காண்பவர் வியவாதிருத்தல் அரிது.

நாக்கு மீன், மாந்தல் என வழங்கும் இவ்வர்க்கத்தில் பெரியதொன்றை வலைஞர் எருமை நாக்கு என்றனர். தரங்கம்பாடியிற் கிடைத்த அம்மீனை வர்ணித்து, 1801ஆம் ஆண்டில் வெளிவந்த புளோக், ஷ்னைடர் என்னும் ஜெர்மானியப் பண்டிதர்களின் நூல், ‘எருமை’ என்ற தமிழ்ச் சொல்லையே அதன் விஞ்ஞான நாமத்தில் நிறுத்தியது. எழுத்தறியாத வலைஞரின் உவமை உலக சாஸ்திரத்தில் நிலைத்ததை நினைக்குந்தோறும் என் நெஞ்சு பூரிக்கிறது.

குஞ்சுப் பருவத்தில் ஏனைய மீன்களைப் போல நிமிர்ந்து நீந்தும் இவ்வர்க்க மீன், வளருங்கால் ஒரு கண் மெல்ல நகர்ந்து மறுபுறம் சேர, தரையிலே படுத்துவிடுகிறது. எருமை நாக்கிலோ அக்கண் தலையின் விளிம்பளவில் நின்றுவிடுவதால், இது இவ்வர்க்கத்தின் ஆதி ரூபத்தைப் பெரிதும் காத்து நிற்பதென்பர்.

தரையே வாழ்வான உயிருக்குத் தரையைச் சுரண்டும் இழுவைமடி எமனாகும். அத்தொழிலை இலங்கை 2017ஆம் ஆண்டிலே சட்டத்தால் தடுத்தது. ஆயினும் கரைவலையின் நெருங்கிய கண்ணிகளில், இன்னும் ஒரு முறையேனும் முட்டையிடாத விரலளவுக் குஞ்சுகள் சிக்கி, வெயிலிலே உலர்ந்து கிடப்பதைக் காண மனம் வேகிறது.