முத்துக் குளித்தவர்களும் மாத்திரை விழுங்கியவர்களும்

கொற்கை என்றதும் பாடப்புத்தகம் நமக்குச் சொல்லித் தந்தது பாண்டியரின் முத்து. கடலுக்குள் மூழ்கி அதை எடுத்தவர் யார் என்று அது சொல்லவில்லை. ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'பெரிப்ளூஸ்' என்ற கடல்வழிக் குறிப்பு சொல்கிறது: இங்கே முத்துக் குளிக்க இறக்கப்பட்டவர்கள் தண்டனை பெற்ற கைதிகள். எந்த வரலாற்றைப் படித்தாலும் 'இதற்கு யாருடைய உடல் விலை கொடுத்தது?' என்று நாம் கேட்டாக வேண்டும். எச்.ஐ.வி. மருந்தின் வரலாற்றிடமும் அதைக் கேட்போம்.

1986இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். சோதிக்கப்பட்டது பாலியல் தொழிலாளர்களின் ரத்தம். அன்றே 'ஒழுக்கம் கெட்டவர்களின் நோய்' என்ற முத்திரையும் விழுந்தது. மருந்து வருவதற்கோ வெகுகாலம் ஆனது. 2001இல் சிப்லா நிறுவனம் மூன்று மருந்துகளை ஒரே மாத்திரையாக்கி, நாளொன்றுக்கு ஒரு டாலருக்கும் குறைவாகத் தர முன்வந்தது. 2004 ஏப்ரல் 1 அன்று இலவசக் கூட்டு மருந்துத் திட்டம் தொடங்கியது. பிறகு அது பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி வரை வந்து சேர்ந்தது. சாவின் விளிம்பில் கிடந்தவர்கள் எழுந்து வயலுக்குப் போனார்கள். இதைப் போராடிப் பெற்ற வெற்றி என்றே சொல்வோம்.

அந்த மாத்திரையில் இருந்த ஸ்டாவுடின் என்ற மருந்துக்கு இன்னொரு முகமும் உண்டு. உயிரணுவுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவை அது சிதைத்தது. கன்னம் ஒட்டியது, கைகால் கொழுப்பு கரைந்து நரம்பு புடைத்தது, பாதம் எரிந்தது. சிலருக்கு ரத்தத்தில் லாக்டிக் அமிலம் கூடி உயிருக்கே ஆபத்தானது. நோயை மறைத்து வாழ்ந்தவரை முகமே ஊருக்குக் காட்டிக்கொடுத்தது. ஏற்கெனவே தெருவின் பெயரால் ஒதுக்கப்படும் நம் மக்களுக்கு இது இரட்டைத் தீண்டாமை. எரியும் பாதத்தோடு நடவுக்கு இறங்குவது எப்படி என்று எந்த மருந்துச்சீட்டிலும் எழுதவில்லை.

பணக்கார நாடுகள் ஸ்டாவுடினை முன்னதாகவே ஓரங்கட்டின. அதைக் கைவிடும்படி உலக சுகாதார நிறுவனம் சொன்னது 2009இல். இந்தியத் திட்டத்திலிருந்து அது விலக மேலும் சில ஆண்டுகள் ஆயின. மலிவு என்பதே அது நீடிக்கக் காரணம்.

இன்று தரப்படும் டோலுடெக்ராவிர் கலந்த மாத்திரை எவ்வளவோ மேல். ஆனாலும் எடை கூடுகிறது, சிலருக்கு ரத்தச் சர்க்கரை ஏறுகிறது. தென்னாப்பிரிக்க ஆய்வில் பெண்களுக்கே எடை அதிகம் கூடியது. தொற்றும் நெடுங்கால மருந்தும் சேர்ந்து இதய நோய் வாய்ப்பையும் கூட்டுகின்றன. களத்தில் நாங்கள் அடிக்கடி காண்பது இன்னொன்று: சுகருக்கு வேறு ஆஸ்பத்திரி போகிறவர்கள், அவமானத்துக்கு அஞ்சி எச்.ஐ.வி. மருந்தைச் சொல்வதில்லை. சர்க்கரைக்குத் தரப்படும் மெட்ஃபார்மினின் அளவை டோலுடெக்ராவிர் ரத்தத்தில் உயர்த்திவிடும். அதனால் மெட்ஃபார்மினை அளந்து கொடுக்க வேண்டும். சொல்லாவிட்டால் மருத்துவருக்கு எப்படித் தெரியும்? பாகுபாடு இங்கே நேரடியாக உடலுக்குள் இறங்குகிறது.

தோழர்களே, இதைப் படித்துவிட்டு யாரிடமும் மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள். நிறுத்தினால் உயிர் போகும். மாறாக, கூட்டு மருந்து மையத்துக்குத் துணையாகப் போங்கள். எடை, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்புப் பரிசோதனைகளைக் கேட்டு வாங்குங்கள். 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. சிகிச்சையில் பாகுபாடு காட்டுவதையும் ஒப்புதலின்றி நோயை வெளியிடுவதையும் அது தடுக்கிறது. அதைப் படித்துக் கையில் வைத்திருங்கள்.

கொற்கையில் மூழ்கியவர்களின் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை. இருபது ஆண்டுகளாக மாத்திரை விழுங்கும் நம் மக்கள் இன்னும் உயிரோடிருக்கிறார்கள். அவர்கள் சொல்வதை இப்போதே கேட்டு எழுதி வைப்போம்.