தறிமேல் தொங்கிய கம்ப்யூட்டர்

ஆரணி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பட்டுப்புடவை. அப்புறம் அரிசி. சரித்திரப் பிரியர்களுக்கு 1751-ல் ராபர்ட் கிளைவ் இங்கே போட்ட சண்டை. எனக்கு எம்.சி.ஏ. படிப்பு ஞாபகம் வரும். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

ஆரணியிலோ, பக்கத்தில் தேவிகாபுரம், ஒண்ணுபுரம் மாதிரி ஊர்களிலோ தறி ஓடுகிற வீட்டுக்குள் போய் அண்ணாந்து பாருங்கள். தறிக்கு மேலே ஒரு பெட்டி. அதிலிருந்து ஓட்டை போட்ட அட்டைகள் கயிற்றில் கோத்து, மாலை மாதிரி தொங்கும். ஜக்கார்டு பெட்டி என்பது இதுதான். மிதியை அழுத்தினால் ‘டக்’கென்று ஓர் அட்டை நகரும். ஓட்டை இருக்கிற இடத்துக்கான பாவு இழை மேலே எழும்பும். ஓட்டை இல்லாத இடத்து இழை அப்படியே கிடக்கும். நடுவில் நாடா ஓடும். அடுத்த ஊடைக்கு அடுத்த அட்டை. இப்படியே நூற்றுக்கணக்கில் ஓடி முடித்தால் பார்டரில் மயில் வந்து உட்கார்ந்திருக்கும்.

“நடுவுல ஒரு அட்டை மாறிப்போச்சுன்னா?” என்று அங்கே ஒரு பெரியவரைக் கேட்டேன்.

“மயிலுக்குக் கழுத்து ஒடிஞ்சிடும் தம்பி” என்றார்.

ஓட்டை இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் பூஜ்யம். வரிசை பிசகக்கூடாது. கம்ப்யூட்டர் புரோகிராமுக்கும் இதுதான் அடிப்படை. ஏதோ தற்செயலான ஒற்றுமை என்று நினைக்காதீர்கள். ரத்த சம்பந்தமே உண்டு.

பிரான்ஸ் நாட்டின் லியோன் நகரமும் ஆரணி மாதிரி பட்டு ஊர்தான். பூவேலை நெய்ய வேண்டுமென்றால் இழைகளைத் தூக்கிக் கொடுக்கவே தனியாக ஒரு பையன் தேவைப்பட்டான். அந்தப் பையன் வேலையை அட்டைகளிடம் ஒப்படைக்கும் யோசனை முன்பே சிலருக்கு இருந்தது. அதை ஒழுங்காக ஓடும் இயந்திரமாக்கி 1804-ல் பேர் வாங்கியவர் ஜோசப் மேரி ஜக்கார்டு.

இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் 1830-களில் ஒரு கணக்குப் போடும் இயந்திரத்தைத் திட்டமிட்டார். அதற்குக் கட்டளை கொடுக்க அவர் கடன் வாங்கியது ஜக்கார்டின் அட்டையைத்தான். இயந்திரம் கடைசிவரை கட்டி முடிக்கப்படவில்லை. ஆனால், சுமார் 24,000 அட்டைகள் வைத்துப் பட்டில் நெய்த ஜக்கார்டின் உருவப்படம் ஒன்றை அவர் பெருமையோடு வைத்திருந்தார். அடுத்து அமெரிக்கா. 1890-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஓட்டை அட்டைகளை வைத்து எண்ணி முடித்தார் ஹெர்மன் ஹாலரித். அவருடைய கம்பெனி 1911-ல் வேறு கம்பெனிகளோடு இணைந்தது. 1924-ல் அதற்கு வைத்த புதுப்பெயர் ஐ.பி.எம்.

அந்த ஐ.பி.எம்.மின் 1620 கம்ப்யூட்டர் 1963 ஆகஸ்டில் கான்பூர் ஐ.ஐ.டி.க்கு வந்து சேர்ந்தது. இந்தியாவில் கம்ப்யூட்டர் படிப்புக்குப் பிள்ளையார் சுழி அங்கேதான். மாணவர்கள் ஃபோர்ட்ரான் மொழியில் புரோகிராம் எழுதி அட்டையில் ஓட்டை போட்டார்கள். ஒரு வரிக்கு ஓர் அட்டை. கட்டு கீழே விழுந்து வரிசை கலைந்தால் போச்சு. மயிலுக்குக் கழுத்து ஒடிந்த கதைதான்!

சொல்லிக் கொடுத்தவர்களில் முக்கியமானவர் வி. ராஜாராமன். 1933-ல் ஈரோட்டில் பிறந்தவர். 1965-ல் கான்பூர் எம்.டெக். மாணவர்கள் கம்ப்யூட்டர் சயின்ஸைச் சிறப்புப் பாடமாக எடுக்க வழி செய்தார். எலெக்ட்ரிகல் துறைக்குள் ஓர் ஓரமாகத்தான் அதற்கு இடம். அங்கே அவரிடம் படித்து 1969-ல் எம்.டெக். முடித்தவர்களில் ஒருவர், பிற்பாடு இன்ஃபோசிஸ் தொடங்கிய நாராயணமூர்த்தி. சென்னை ஐ.ஐ.டி.க்கு மேற்கு ஜெர்மனி உதவியில் ஐ.பி.எம். 370/155 வந்தது 1973-ல். அங்கே இந்தப் படிப்பை வளர்க்கக் கான்பூரிலிருந்து வந்தவர் பேராசிரியர் மகாபலா.

எல்லாம் சரி, யார் படிக்கலாம்? இன்ஜினீயரிங் முடித்தவர்கள். மிஞ்சிப்போனால் எம்.எஸ்ஸி. முடித்தவர்கள். இடங்களோ சொற்பம். செய்யாறிலோ வேலூரிலோ பி.எஸ்ஸி. படித்துவிட்டு ஆரணிக்குத் திரும்பும் நெசவாளி வீட்டுப் பிள்ளைக்கு அந்த வாசல் திறக்காது. தலைக்கு மேலே அட்டை தொங்கிய வீட்டில் பிறந்து என்ன பிரயோஜனம்?

1980-களின் தொடக்கத்தில் நாட்டுக்குக் கம்ப்யூட்டர் தெரிந்த ஆட்கள் ஏராளமாகத் தேவைப்படும் என்பது தெரிந்துவிட்டது. என்ன செய்யலாம் என்று ஆராய ராஜாராமன் தலைமையில் ஒரு குழு. அது சொன்ன யோசனைகளில் ஒன்றுதான் எம்.சி.ஏ. என்ற புதுப் பட்டம். இன்ஜினீயராக இருக்க வேண்டாம், கணக்கு தெரிந்த பட்டதாரி போதும். மூன்று வருஷம் சொல்லிக் கொடுத்தால் சாஃப்ட்வேர் எழுதுவார்கள். எழுதப்போவது பாங்குக்கும் கம்பெனிக்கும்தானே! அதனால் பாடத்திட்டத்தில் அக்கவுன்ட்ஸும் நிர்வாகவியலும் சேர்ந்தன. பற்று-வரவு எங்கள் பி.காம். கோஷ்டியின் சொத்து என்று நினைத்துக்கொண்டிருந்தோம், அதையும் எடுத்துக்கொண்டார்கள்.

நான் பி.காம். முடித்த சமயத்தில் தெருவுக்கு ரெண்டு பேர் எம்.சி.ஏ. விண்ணப்பத்தோடு அலைந்தார்கள். நானும் ஆசையாகப் போய் நின்றேன். “ப்ளஸ் டூவில் மேத்ஸ் இருக்கா?” இல்லை. கதை முடிந்தது. அதனால்தான் இன்று நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

ஆனால், ஏகப்பட்ட பேருக்குக் கதை அங்கேதான் ஆரம்பித்தது. பிசிக்ஸ் படித்தவர், கணக்குப் படித்தவர், எங்கள் வகுப்பிலேயே ப்ளஸ் டூவில் மேத்ஸ் எடுத்திருந்த புண்ணியவான்கள்… இன்ஜினீயரிங் சீட்டுக்கு மார்க்கோ பணமோ போதாமல் போன வீடுகளுக்கு இது இரண்டாவது வாசல். பிற்பாடு இன்ஜினீயரிங் கல்லூரிகள் தடுக்கி விழுந்தால் ஒன்று என்று முளைத்தன. ஆரணியை ஒட்டிய தச்சூரிலேயே அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி வந்துவிட்டது. எம்.சி.ஏ.வின் மவுசு குறைந்து, 2020-ல் மூன்று வருஷப் படிப்பு இரண்டு வருஷமாகவும் சுருங்கியது. ராஜாராமனும் 2025 நவம்பரில் தொண்ணூற்றிரண்டு வயதில் காலமானார். அவர் குழு திறந்துவிட்ட வாசல் மட்டும் இன்னும் மூடவில்லை.

மயில் கழுத்தைப் பற்றிச் சொன்ன பெரியவரின் மகளும் அந்த வாசல் வழியாகப் போனவர்தான். பி.எஸ்ஸி. கணக்கு, பிறகு எம்.சி.ஏ., இப்போது சென்னையில் வேலை. கம்ப்யூட்டர் வரலாறு பற்றிய பாடத்தில் ஜக்கார்டுக்கு நாலே நாலு வரி இருந்ததாம். விடுமுறைக்கு வந்த பெண், “அப்பா, நம்ம பெட்டி எங்க புஸ்தகத்துல இருக்கு” என்று காட்டியிருக்கிறாள்.

“நீங்க என்ன சொன்னீங்க?”

“முப்பது வருஷமா நானும் கம்ப்யூட்டர் வேலைதான் பாக்குறேன், சம்பளம்தான் வரலைன்னேன்” என்று சிரித்தார்.

தறிக்கூடத்தில் இரண்டு தறிகள். ஒன்றில் பாதி நெய்த சேலை. இன்னொன்றில் பாவு ஏற்றி ரொம்ப நாளாகியிருக்கும், அட்டைகளில் தூசி. டிசைன் போடும் வேலையெல்லாம் இப்போது கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது. அட்டையே இல்லாத எலெக்ட்ரானிக் ஜக்கார்டும் வந்துவிட்டது. அதனால் தறி நிற்கிறதா என்று கேட்டேன்.

“மெஷின் வந்ததால நிக்கலை தம்பி. அதுல உக்கார ஆள் இல்ல. பொண்ணைப் படிக்க வெச்சதே இதுல உக்காரக் கூடாதுன்னுதானே?”

சொல்லிவிட்டு மிதியை அழுத்தினார். தலைக்கு மேலே ஓர் அட்டை நகர்ந்தது.